கடிதத்தைப் பிரிப்பவர் யார்?

1881ஆம் வருஷத்தில் தீயும் வெள்ளமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அத்தாப்புக் கூரைகளாலான பழைய கோலாலம்பூரை அழித்தபின், நகரத்தைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திரும்பக் கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டினால் சூளைகள் பெருகிய இடமே இன்று நாம் பிரிக்பீல்ட்ஸ் என்று வழங்கும் பகுதியாகும். ஐந்து வருஷம் கழித்து, 1886இல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1901இல் கிள்ளான் நதியின் முகத்துவாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் ஏற்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தாக்களாக வந்தவர்களும், தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாக வந்தவர்களும் இந்தப் பாதையின் இருபுறமும் குடியேறினார்கள். அவர்களை ஊரோடு பிணைத்திருந்த கயிறு தபால் ஒன்றுதான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் புறப்பட்டுப் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூருக்குச் சென்ற ‘ரஜுலா’ முதலிய கப்பல்கள் ஆட்களோடு அவர்களுடைய சுகதுக்கச் செய்திகளையும் ஏற்றி இறக்கின.

தோட்டத்துக்கு வரும் கடிதம் நேரே லயத்து வாசலுக்கு வருவதில்லை; அது முதலில் தோட்டத்து ஆபீசுக்கு வரும். எழுத்தறியாத பால்மரத் தொழிலாளி அதை ஆபீஸ் கிராணியிடமோ, தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடமோ நீட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்பார்; பதிலையும் அவரே எழுதித் தர வேண்டும்; ஊருக்கு அனுப்பும் மணியார்டரையும் அவரே நிரப்பித் தர வேண்டும். ஒரு குடும்பத்தின் கடன், கலியாணம், நோய், நிலத்தகராறு ஆகிய யாவும் இவ்வாறு மூன்றாம் மனிதர் ஒருவரின் கண் வழியாகவும் வாய் வழியாகவும் கடந்து செல்லும். அவர் நல்லவராயிருந்தால் அது பெரிய உபகாரம்; அல்லாவிடில் மறைக்கவும், கூட்டிச் சொல்லவும், தொகையைத் தெரிந்துகொண்டு ஆதாயம் தேடவும் அவருக்கு வழியுண்டு. எனினும் அந்த அபாயத்துக்கு ஓர் எல்லை இருந்தது. காகிதக் கடிதம் எவ்வளவு பொல்லாததாயினும், வாசிக்கும் மனிதன் ஒருவன் அதை நம்பிக் காரியம் செய்தால்தான் தீமை விளையும்; தானாக எழுந்து ஒருவருடைய பெட்டியைத் திறக்கவோ, அவருடைய உறவினர் அத்தனை பேருக்கும் தன்னைப் பிரதி எடுத்து அனுப்பவோ காகிதத்துக்குச் சக்தியில்லை. இந்த எல்லை மின்னஞ்சலின் காலத்தில் எவ்வாறு அழிந்தது என்பதைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் சமீப சரித்திரத்தைக் கொண்டு விசாரிக்கலாம்.

மலேசியாவில் கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியது 1980களின் பிற்பகுதியில். 1985இல் அரசாங்கம் நிறுவிய மிமோஸ் என்னும் நுண்மின்னணு ஆராய்ச்சி ஸ்தாபனத்தில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த முகமது அவாங் லா அவர்களின் தலைமையில், 1987இல் ‘ராங்கோம்’ என்ற வலையமைப்பு உருவாயிற்று. அதன் வழியே ஆராய்ச்சியாளர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் மின்னஞ்சல் பரிமாறிக்கொண்டார்கள். அதன் வாரிசாக 1990இல் ‘ஜாரிங்’ தோன்றிற்று. 1992இல் செயற்கைக்கோள் வழியே அமெரிக்காவோடு அது நேரடித் தொடர்பு பெற்றது. 1996இல் தொலைபேசி நிறுவனத்தின் ‘டிஎம்நெட்’ சேவையும் வந்து சேர்ந்தபின், பிரிக்பீல்ட்ஸ் வக்கீல் ஆபீசிலும் கிள்ளான் துணிக்கடையிலும் மின்னஞ்சல் முகவரி அச்சிட்ட விசிட்டிங் கார்டு ஒரு சாதாரண வஸ்துவாயிற்று.

ஆனால் இந்நாட்டுக்கு வந்த மின்னஞ்சல் புதிதாகப் பிறந்த குழந்தையல்ல. பழைய விசுவாசம் ஒன்றையும் சுமந்துகொண்டே அது வந்தது. 1971இல் ரே டாம்லின்சன் என்பவர் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையில் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு முதல் மடலை அனுப்பினார். 1982இல் ஜான் போஸ்டல் மடல்களைக் கொண்டுசெல்லும் விதிகளைத் தொகுத்து வெளியிட்டார். ஒருவரை ஒருவர் அறிந்த ஆராய்ச்சியாளர் சிலருக்காக வகுக்கப்பட்ட அந்த விதிகளில், அனுப்புகிறவர் தாம் சொல்லும் ஆள்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு எதுவுமே இல்லை; எவரும் எவர் பெயரையும் அனுப்புநர் இடத்தில் எழுதலாம், வாங்கும் கணினி மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும். அந்தக் குறையை நிரப்ப எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற முறைகள் வருவதற்கு இருபது முப்பது வருஷங்கள் பிடித்தன. மொத்தமாக மடல் அனுப்புவோர் அவற்றைப் பின்பற்றியே தீர வேண்டும் என்று ஜிமெயிலும் யாஹூவும் கட்டாயப்படுத்தியது 2024 பிப்ரவரியில்தான்.

பெயரைச் சோதிக்காதது ஒரு குறை. மடலைக் கையாளும் மென்பொருளிலேயே ஓட்டைகள் இருந்தது மற்றொரு குறை. 1988 நவம்பர் 2ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் விடுத்த நிரல், மடல்களைச் சுமந்துசென்ற ‘சென்ட்மெயில்’ என்னும் மென்பொருளில் பரிசோதனைக்காக வைத்து மூட மறந்த ஒரு கதவின் வழியாகவும் நுழைந்து, அன்றைய இணையத்திலிருந்த கணினிகளில் ஏறக்குறைய 6,000ஐ முடக்கியது என்று கணக்கிடப்பட்டது. அந்த அனுபவத்தின் விளைவாகப் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசர உதவிக் குழு ஏற்பட்டது. அதன் முன்மாதிரியைப் பின்பற்றிப் பல தேசங்களும் தத்தமக்கு ஒரு குழுவை அமைத்துக்கொண்டன. மலேசியாவின் குழு ‘மைசெர்ட்’ என்ற பெயரில் 1997இல் மிமோஸ் ஸ்தாபனத்துக்குள் பிறந்தது.

மிமோஸ் இருந்த புக்கிட் ஜாலில் தொழில்நுட்பப் பூங்கா, அதற்கு முன் ரப்பர்த் தோட்டமாக இருந்த பிரதேசம். தோட்டத்துப் பழைய தொழிலாளர் குடும்பங்கள் சில லயங்களிலேயே வசித்துவந்த காலத்தில், சிறிது தூரத்திலிருந்த கட்டிடங்களில் இருந்தவர்கள் தேசத்தின் மின்னஞ்சல்களுக்கு வரும் ஆபத்துகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். மைசெர்ட் பிற்பாடு ‘சைபர்செக்கியூரிட்டி மலேசியா’ என்ற அமைப்பின் அங்கமாகி, இப்பொழுது சைபர்ஜெயாவில் இருக்கிறது. அந்த நகரமும், அதன் அண்டையிலுள்ள புத்ராஜெயாவும், பெராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த நிலப்பரப்பில் எழுந்தவை. கிராணியிடம் கடிதத்தை நீட்டிய தலைமுறையின் மண்ணிலேயே, கடிதங்களைக் காவல் காக்கும் உத்தியோகம் குடிவந்திருக்கிறது.

1990களின் நடுப்பகுதி வரையில் மடல் என்பது பெரும்பாலும் வெறும் எழுத்துதான். கறுப்புத் திரையில் ‘பைன்’ போன்ற நிரலைத் திறந்து வாசித்தவருக்கு எழுத்து தெரியும். அதற்குமேல் ஒன்றும் நடவாது. விண்டோஸ் கணினிகளோடு அவுட்லுக்கும் அவுட்லுக் எக்ஸ்பிரஸும் வீடு வீடாக வந்தபோதுதான் நிலைமை அடியோடு மாறிற்று. மடலுக்குள் வர்ணமும் படமும் வேண்டும், ஆவணத்தை ஒரே சொடுக்கில் திறக்க வேண்டும், முகவரிப் புத்தகத்தை மற்ற நிரல்களும் உபயோகிக்க வேண்டும் என்று சௌகரியங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனவர்கள், வந்த மடலை நமக்காகப் பிரித்து, அதில் எழுதியிருக்கும் கட்டளையையும் நமக்காகவே நிறைவேற்றிவிடும் அதிகாரத்தை மென்பொருளுக்குக் கொடுத்துவிட்டார்கள். தோட்டத்துக் கிராணி கடிதத்தைப் பிரித்து வாசித்தாரேயன்றி, அதில் எழுதியபடி வேலையெல்லாம் செய்துவிட்டு வந்து சொல்லவில்லை. புதிய கிராணி அதையும் செய்தார்.

இதன் பலன் சீக்கிரத்திலேயே தெரிந்தது. 1999 மார்ச் 26ஆம் தேதி வெளிப்பட்ட ‘மெலிஸா’, வேர்டு ஆவணத்துக்குள் ஒளிந்திருந்து, அவுட்லுக் முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. அதே வருஷம் நவம்பரில் தோன்றிய ‘பபிள்பாய்’, இணைப்பு எதுவுமே இன்றி, மடலைப் பார்த்த மாத்திரத்தில் இயங்கிற்று. தெரியாத இணைப்பைத் திறக்காதீர்கள் என்று அதுவரை சொல்லிவந்த புத்திமதி அன்றோடு போதாததாயிற்று. 2000 மே 4ஆம் தேதி மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ மடல், காதல் கடிதம் என்ற பெயரில் ஓர் இணைப்பைச் சுமந்து வந்தது. கோப்பின் உண்மையான கடைசி எழுத்துகளை விண்டோஸ் மறைத்துவிடும் வழக்கமிருந்ததால், இயங்கும் நிரல் ஒன்று ‘டிஎக்ஸ்டி’ என்று முடியும் சாதுவான எழுத்துக்கோப்புப்போலக் கண்ணுக்குப் புலப்பட்டது. தெரிந்தவரின் முகவரியிலிருந்தே வந்ததால் லட்சோபலட்சம் ஜனங்கள் அதைத் திறந்தார்கள். அது படக்கோப்புகளை அழித்துவிட்டு, முகவரிப் புத்தகத்திலிருந்த அத்தனை பேருக்கும் தன்னை அனுப்பிக்கொண்டது.

இவ்விடத்தில் சட்டத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். அப்போது பிலிப்பைன்ஸில் இத்தகைய செயலைத் தண்டிக்கப் பொருத்தமான சட்டம் இல்லாமையால், சந்தேகிக்கப்பட்ட இளைஞர் மீதிருந்த வழக்கு கைவிடப்பட்டது. மலேசியாவில் கணினிக் குற்றச் சட்டம் 1997லேயே இயற்றப்பட்டிருந்தும், அது அமலுக்கு வந்தது 2000 ஜூன் 1ஆம் தேதி, அதாவது அந்த மடல் உலகைச் சுற்றிவந்து நான்கு வாரம் கழித்து. அதே ஜூன் 1ஆம் தேதியிலிருந்துதான் உள்நாட்டு வணிக வங்கிகள் இணைய வழிச் சேவையை ஆரம்பிக்கலாமென்று பேங்க் நெகாரா அனுமதித்திருந்தது. மடலின் ஓட்டைகள் எவ்வளவு ஆழமானவை என்று உலகம் கண்டுகொண்டதற்கு மறுமாதத்திலேயே, ஜனங்களின் சேமிப்புக்கும் அந்த மடல்பெட்டிக்கும் நடுவே ஒரு பாதை திறந்துவிடப்பட்டது.

தமிழ் எழுதியவர்களுக்கு மற்றொரு விசேஷக் கஷ்டமும் இருந்தது. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் அவர்கள் 1980களின் நடுவில் தொடங்கி வளர்த்த ‘முரசு அஞ்சல்’ மென்பொருள், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பத்திரிகைகளுக்கும் பள்ளிகளுக்கும் தமிழ்த் தட்டச்சைச் சாத்தியமாக்கிற்று. ஆயினும் யூனிகோடு பரவும் வரையில் எழுத்துருக்கள் பலவாகவும் குறியேற்ற முறைகள் பலவாகவும் இருந்தமையால், ஒருவர் அனுப்பிய தமிழ் மடல் மற்றவர் திரையில் அர்த்தமற்ற குறிகளாகத் தோன்றுவது சர்வ சாதாரணம். ஆகவே எழுத்துருக் கோப்பையும் கூடவே அனுப்புவது, மடலை வேர்டு ஆவணமாக்கி இணைப்பது, கடிதத்தையே படமாக்கி அனுப்புவது ஆகிய வழக்கங்கள் ஏற்பட்டன. ஆங்கிலம் வாசிப்பவருக்கு இணைப்பு என்பது ஓர் உபரி. தமிழ் வாசிப்பவருக்கோ பல சமயம் கடிதமே இணைப்புக்குள்தான் இருந்தது. சங்கத்துக் கூட்ட அறிக்கையையும் கோயில் திருவிழா அழைப்பையும் இணைப்பைத் திறந்தே படித்துப் பழகிய கைக்கு, எந்த இணைப்பையும் திறக்கத் தயக்கம் வராதிருந்தால் அதில் வியப்பில்லை. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடி, குறியேற்றக் குழப்பத்தைத் தீர்க்கும் வழிகளை விவாதித்தது.

மாநாடு முடிந்து சில வாரங்களே ஆன நிலையில், செப்டம்பர் 18ஆம் தேதி ‘நிம்டா’ பரவியது. இயங்கும் நிரலொன்றை ஒலிக்கோப்பு என்று மடலின் தலைப்பகுதியில் பொய்யாகக் குறித்துவிட்டால், மென்பொருள் அதை நம்பித் தானே திறந்துவிடும் என்ற ஓட்டையை அது பயன்படுத்திக்கொண்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே வருஷம் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ஆறு மாதமாக எண்ணற்ற கணினிகள் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. டயல்-அப் தொடர்பில் நிமிஷத்துக்குக் காசு கொடுத்த காலத்தில், பெரிய திருத்தக் கோப்பை இறக்க எவருக்கும் மனம் வராதது மனித சுபாவமே. வலையில் அமர்ந்து படிக்கும் ஹாட்மெயிலுக்கு மாறியவர்களும் தப்பவில்லை: 1999 ஆகஸ்டில், பயனர் பெயர் ஒன்றைத் தெரிந்திருந்தாலே எவருடைய பெட்டிக்குள்ளும் நுழையலாமென்ற நிலை அச்சேவையில் சிலகாலம் இருந்தது.

2014 மார்ச் 8ஆம் தேதி 239 பேரோடு மறைந்த எம்எச்370 விமானத்தின் துயரம் கோலாலம்பூரைச் சூழ்ந்திருந்த மறுநாளே, விசாரணையோடு சம்பந்தப்பட்ட அரசாங்க அதிகாரிகளுக்கு ஒரு மடல் வந்தது. விமானத்தைப் பற்றிய செய்திக் கட்டுரையின் பிடிஎஃப் கோப்புப்போல அதில் ஓர் இணைப்பு. உண்மையில் அது இயங்கும் நிரல். சுமார் 30 கணினிகளிலிருந்து தகவல்கள் சீனாவிலிருந்த ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்ததாகச் சைபர்செக்கியூரிட்டி மலேசியாவின் தலைவர் அந்த வருஷமே வெளியிட்டார். பதினான்கு வருஷத்துக்கு முன் காதல் கடிதம் என்று பொய்ப்பெயர் பூண்ட அதே தந்திரம், இப்பொழுது ஒரு தேசத்தின் துக்கத்தைப் போர்த்திக்கொண்டு வந்தது. 2020 பிப்ரவரியில் மைசெர்ட் விடுத்த எச்சரிக்கை இன்னும் சிந்திக்கத் தக்கது: பத்திரிகையாளர்போலவும் ராணுவ அமைப்பினர்போலவும் நடித்து அரசாங்க அதிகாரிகளுக்கு மடல் அனுப்பியவர்கள், ஆஃபிஸ் ஆவணங்களின் வழியாக நுழைய இடங்கொடுத்த, 2014லும் 2017லும் அறியப்பட்டுத் திருத்தமும் வெளியான இரு ஓட்டைகளையே உபயோகித்தார்கள். இரகசியமான புது ஆயுதம் ஒன்றும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அடைக்காமல் விட்ட பழைய சந்துகளே போதுமாயிருந்தன.

வியாபாரிகளுக்கு வரும் ஆபத்து சத்தமில்லாதது. கிள்ளான் துறைமுகத்தைச் சார்ந்து பிழைக்கும் சரக்கு ஏஜென்சி ஒன்றை எண்ணிப் பாருங்கள்: மடல்பெட்டியின் கடவுச்சொல்லைத் திருடியவன் உடனே எதையும் செய்வதில்லை, வரும் மடல்களின் பிரதியைத் தனக்கும் தானாக அனுப்பும்படி மென்பொருளுக்கு ஒரு விதியை இட்டுவிட்டு, வாரக்கணக்கில் வாசித்துக்கொண்டிருப்பான், யார் யாருக்கு எவ்வளவு எப்போது கொடுக்க வேண்டுமென்று அறிந்தபின், உரிய நாளில், ஓர் எழுத்து மாத்திரம் மாறிய முகவரியிலிருந்து, எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று பணிவாக எழுதுவான். தானாக முன்னனுப்பும் வசதி ஓட்டை அல்ல, விற்பனைக்கு வந்த ஒரு சௌகரியம். ஆயினும் உடைமையாளர் அறியாமல் கட்டளைக்குக் கீழ்ப்படியும் ஊழியன் எவனுக்கு ஊழியம் செய்கிறான் என்பதே இங்கும் கேள்வி.

இந்தச் சரித்திரம் முடிந்துவிடவில்லை. 2021 மார்ச் 2ஆம் தேதி மைக்ரோசாப்ட் அவசரமாகத் திருத்திய எக்ஸ்சேஞ்ச் ஓட்டைகளை, அலுவலகத்தின் மடல் சேவைக் கணினியையே கைப்பற்ற உதவியவற்றை, தைவானிய ஆராய்ச்சியாளர் ஒருவர் ஜனவரியிலேயே கண்டு தெரிவித்திருந்தார். திருத்தம் வெளியாகுமுன்பே தாக்குதல் தொடங்கிவிட்டது. 2023 மார்ச்சில் வெளிப்பட்ட அவுட்லுக் ஓட்டையோ இன்னும் விசித்திரமானது. ஒரு நிகழ்ச்சிக்கு நினைவூட்டும் மணியோசை எந்தக் கோப்பிலிருந்து ஒலிக்க வேண்டுமென்று அனுப்புகிறவரே குறிப்பிடலாம் என்ற ஏற்பாட்டைப் பயன்படுத்தி, அந்தக் கோப்பு தன் கணினியில் இருப்பதாகத் திருடன் எழுதிவிடுவான். அவுட்லுக் அதைத் தேடிப்போய், நுழைவுச் சான்றின் மறைகுறியை அவனிடம் ஒப்படைத்துவிடும். பெறுபவர் மடலைத் திறக்கவும் வேண்டியதில்லை, பார்க்கவும் வேண்டியதில்லை.

ஆதலால் பயனரின் அஜாக்கிரதையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லும் வழக்கமான உபதேசம் பாதி உண்மைதான். மடலைப் பிரிக்கும் வேலையையும் அதன்படி நடக்கும் அதிகாரத்தையும் ஒரே நிரலில் சேர்த்துவைத்தவர்கள் அந்த மென்பொருளைச் செய்தவர்களே. அவர்கள் சௌகரியத்தைச் சற்றுக் குறைத்த ஒவ்வொரு சமயமும் அபாயமும் குறைந்திருக்கிறது. காதல் கடித மடலுக்குப்பின் 2000 ஜூனில் அவுட்லுக் இயங்கும் இணைப்புகளைத் தடுக்கத் தொடங்கியபோது பலர் முணுமுணுத்தார்கள். இன்று அந்தத் தடையின்றி மடல் பார்க்க ஒருவரும் துணியார். 2024 ஆகஸ்ட் 26ஆம் தேதி அமலுக்கு வந்த மலேசிய இணையப் பாதுகாப்புச் சட்டம், தேசத்தின் முக்கிய உள்கட்டமைப்பை நடத்தும் நிறுவனங்கள் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டுமென்று விதிக்கிறது. பெரிய ஸ்தாபனங்களுக்கு இது நல்ல கடிவாளம்; ஆனால் பிரிக்பீல்ட்ஸ் மளிகைக்கடைக்காரரின் பழைய மடிக்கணினியை இந்தச் சட்டம் தொடாது.

அவருக்கு வேண்டியவை வேறு: திருத்தங்கள் தாமாகவே வந்து சேரும்படி கணினியை அமைத்துக்கொள்வது, ஆயுள் முடிந்து திருத்தம் நின்றுபோன மென்பொருளை விட்டுவிடுவது, கடவுச்சொல்லோடு இரண்டாவது அடையாளம் ஒன்றையும் கேட்கச் செய்வது, மடல்பெட்டியில் தாம் இடாத முன்னனுப்பு விதி ஏதேனும் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் போகும் இடம் மாறியது என்று சொல்லும் எந்த மடலையும், அதில் அச்சிட்ட எண்ணில் அல்லாமல், பழைய பில்லில் உள்ள எண்ணில் கூப்பிட்டு வாய்ச்சொல்லால் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒருகால் ஏமாந்து பணத்தை அனுப்பிவிட்டால், வெட்கப்பட்டு ஒளிந்திராமல், உடனே தம் வங்கிக்கும், 2022 அக்டோபர் முதல் இயங்கிவரும் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவ நிமிஷங்களே போதுமாதலால், அதைத் தடுத்து நிறுத்துவதும் அந்த நிமிஷங்களுக்குள்தான் சாத்தியம்.